‘வலிக்கலையே டாக்டர்!’ – மார்பக மாற்றங்களும் கைநழுவும் மாதங்களும்

காலை ஒன்பதரை மணி. கொங்குப் பகுதி அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவை சிகிச்சைப் புறநோயாளிகள் பிரிவு. வெளியே பெஞ்சு நிரம்பி, சுவரோரமாகவும் ஆட்கள் சாய்ந்து நிற்கிறார்கள். உள்ளே பச்சைத் திரைக்குப் பின்னால், ஐம்பதைத் தொடும் ஒரு பெண் முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் புது மருமகள், கையில் ஸ்கேன் கவர்.

“எப்பம்மா முதல்ல கையில தட்டுப்பட்டுச்சு?”

“மாரியம்மன் நோம்பிக்கு முன்னாலயே இருந்துச்சுங்க. வலிக்கலையே டாக்டர், அதான் பெருசா நெனைக்கலீங்க. பையன் கல்யாணம் முடியட்டும்னு இருந்துட்டேன்.”

“எனக்கே நேத்துதாங்க சொன்னாங்க” என்கிறார் மருமகள், குரல் உடைந்து.

மருத்துவர் கையை உயர்த்தச் சொல்லி அக்குளைத் தடவிப் பார்க்கிறார். அங்கேயும் நெறி கட்டியிருக்கிறது. நோம்பி முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது.

தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும், எந்த வாரத்திலும் காதில் விழக்கூடிய உரையாடல் இது. கல்யாணம், சீமந்தம், பிள்ளையின் பரீட்சை, அறுவடை, வீட்டுக்கடன் என்று காரணம் மட்டும் மாறும். தள்ளிப்போடுவதை நியாயப்படுத்தும் சொல் எப்போதும் ஒன்றுதான்: ‘வலிக்கலையே!’ ஆனால், மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வலித்திருந்தால் அந்தப் பெண் மறுநாளே பேருந்து ஏறியிருப்பார்.

இரண்டுக்கு ஒன்று

2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 98,000 பேர். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் புதிய நோயாளிகள் 23 லட்சம், இறப்பு 6.7 லட்சம். உலக அளவில் மூன்றரைப் பேருக்கு ஒரு இறப்பு என்றிருக்கும் கணக்கு, இங்கே இரண்டு பேருக்கு ஒன்று என்றாகிறது. நம் பெண்களில் பெரும்பகுதியினர் நோய் முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள் என்பதே இந்த வித்தியாசத்தின் முக்கியக் காரணம்.

சென்னையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து புற்றுநோய்ப் பதிவேடு பராமரிக்கப்படுகிறது. அப்போது பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். இன்று அந்த இடத்தில் மார்பகப் புற்றுநோய். இந்தப் பதிவேட்டை நடத்திவரும் அடையாறு புற்றுநோய் மையமே ஒரு பெண்ணின் துக்கத்திலிருந்து பிறந்ததுதான். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அதைத் தொடங்கியபோது 12 படுக்கைகள்தான் இருந்தன. பின்னர் அங்கேயே வாழ்நாளைக் கழித்த டாக்டர் வி.சாந்தா, ‘சீக்கிரம் வந்தால் குணப்படுத்தலாம்’ என்பதைத் தமிழகம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார்.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை

பயப்படுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. மார்பகம் ஒரே மாதிரி இருக்கும் உறுப்பும் இல்லை. வயதோடும் மாதவிலக்கோடும் பிள்ளைப்பேறோடும் சேர்ந்து அது மாறிக்கொண்டேயிருக்கிறது.

ஒன்பது, பத்து வயதுச் சிறுமிக்குக் காம்புக்கு அடியில் காசளவு கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டு, தொட்டால் வலிக்கிறது என்பாள். ஒரு பக்கம் மட்டும் முதலில் வரும். அம்மாக்கள் பதறுவது இயல்பு. அது மார்பகம் வளரத் தொடங்கும் மொட்டு. அதைக் கட்டி என்று நினைத்து வெட்டியெடுத்துவிட்டால், அந்தப் பக்கம் மார்பகமே வளராமல் போய்விடும். மருத்துவர் கையால் பார்த்துச் சொன்னாலே போதும்.

பதினைந்திலிருந்து முப்பது வயதுக்குள் அதிகம் வருவது ஃபைப்ரோஅடினோமா. வழவழப்பாக, விரலுக்குப் பிடிபடாமல் நழுவும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவையில்லை. ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொண்டு, வளர்கிறதா என்று கவனித்தால் போதும். முப்பத்தைந்துக்கு மேல் நீர்க்கட்டிகள் வரும். மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு மார்புகளும் கனத்து, முடிச்சு முடிச்சாகி, தொட்டாலே வலிப்பது பல பெண்களுக்கு மாதாந்தர அனுபவம். விலக்கு வந்ததும் குறைந்துவிட்டால் அது ஹார்மோனின் வேலை. வேறு எந்த மாற்றமும் இல்லாமல் வலி மட்டும் இருந்தால் அது புற்றுநோயாக இருப்பது அரிது.

மாதவிடாய் நின்ற பிறகு நிலைமை மாறுகிறது. அந்த வயதில் புதிதாக வரும் எந்தக் கட்டியையும், வேறு என்று நிரூபணம் ஆகும்வரை, மருத்துவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ‘இந்த வயசுல இனிமே என்ன வரப்போகுது’ என்று அறுபது வயதுப் பெண்மணி சொல்வது, அவருக்கே ஆபத்தாக முடியும்.

‘பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை’ என்பதை வீட்டிலேயே இருப்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எது சாதுவான கட்டி, எது இல்லை என்று விரலால் மட்டும் பிரித்துச் சொல்ல அனுபவமுள்ள மருத்துவராலேயே முடியாது. அதனால்தான் பரிசோதனைகள் இருக்கின்றன.

[பெட்டிச் செய்தி] இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், நாள் பார்க்க வேண்டாம்

• மார்பிலோ அக்குளிலோ புதிதாக ஒரு கட்டி. ஒரு மாதவிலக்கு வந்துபோன பிறகும் கரையாத தடிப்பு. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

• தோல் ஓரிடத்தில் குழி விழுவது, சுருங்குவது, துளைத் துளையாகி ஆரஞ்சுப் பழத்தோல் போல ஆவது.

• இதுவரை வெளியே இருந்த காம்பு உள்ளிழுத்துக்கொள்வது. பிறந்ததிலிருந்தே உள்வாங்கிய காம்பு என்றால் கவலை இல்லை.

• அழுத்தாமலே, ஒரு பக்கக் காம்பில், ஒரே துளையிலிருந்து ரத்தமோ நீர் போன்ற திரவமோ கசிவது.

• ஒரு காம்பில் மட்டும் படை, அரிப்பு, பொருக்கு. களிம்பு போட்டும் ஆறாதது.

• மார்பு சிவந்து, சூடாகி, வீங்கி, ஆன்டிபயாடிக் முடித்த பிறகும் வற்றாமல் இருப்பது.

• ஒரு பக்கத்தின் அளவோ வடிவமோ சில மாதங்களில் மாறுவது.

‘பால் கட்டியிருக்கும்!’

பாலூட்டும் தாய்க்கு மார்பில் கெட்டிப்பு வந்தால் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முதல் வார்த்தை இது. பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். பால் தேங்கினால் வலிக்கும், சிவக்கும், காய்ச்சலும் வரும். குழந்தைக்குத் தொடர்ந்து பால் கொடுக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்காவிட்டால் மருத்துவரைப் பார்த்து மருந்து எடுக்க வேண்டும். சீழ் கோத்துவிட்டால் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள்.

நம் பாட்டிமாரின் கைமருந்துகளை மொத்தமாகத் தள்ளிவிடவும் முடியாது. பால் வற்ற மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கத்தை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களே ஆய்வு செய்து, 1988-இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பால் வற்றக் கொடுக்கப்பட்ட புரோமோக்ரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டபோது, பூவும் பால் சுரப்பைக் குறைத்தது தெரியவந்தது.

ஆனால், பூவும் ஒத்தடமும் பாலுக்குத்தான். பால் கொடுத்த பிறகும், ஒத்தடம் கொடுத்த பிறகும் அதே இடத்தில் அதே கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது பால்கட்டு என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது. கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் வரும் புற்றுநோய் அரிதுதான். வந்தால் மிகத் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. எல்லோரும் பாலின் மேலேயே பழியைப் போடுவதுதான் காரணம். பாலூட்டும் தாய்க்கு ஸ்கேன் எடுக்கலாம், ஊசிப் பரிசோதனையும் செய்யலாம். குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை.

பிள்ளைப்பேறு இல்லாத நேரத்தில் இரண்டு பக்கமும் பால் கசிவது வேறு விஷயம். தைராய்டு கோளாறு, புரோலாக்டின் ஹார்மோன் கூடுவது, வாந்திக்கும் மனநலத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப்போனால் பாதி விடை கிடைத்துவிடும்.

மாதங்கள் எங்கே போகின்றன?

எட்டு மாதம் ஒரே இடத்தில் தொலைவதில்லை. முதல் சில மாதங்கள் வீட்டில் போகின்றன. கட்டியைப் பார்த்த பெண் யாரிடமும் சொல்வதில்லை. கணவரிடம் சொல்லக் கூச்சம்; மகளிடம் சொன்னால் அவள் பயந்துவிடுவாள்; வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது. ஆண் மருத்துவரிடம் காட்டுவதா என்ற தயக்கம் வேறு. அரசு மருத்துவமனைகளில் பெண் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஆண் மருத்துவர் பார்த்தால் பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும். இதைக் கேட்பது உரிமை என்பது பலருக்குத் தெரியாது.

அடுத்தது மெடிக்கல் ஷாப். மாத்திரை, களிம்பு, பத்து, நாட்டு மருந்து என்று இரண்டு மாதம் ஓடும். இந்தப் பழியை முழுக்க நோயாளிகள் மேல் போடுவது நியாயமாகாது. முதலில் பார்க்கும் மருத்துவரே ‘கொழுப்புக் கட்டி, பயப்படாதீங்க’ என்று ஸ்கேன்கூட எழுதாமல் அனுப்பிவிடுவது உண்டு. முப்பது வயதுப் பெண்ணிடம் ‘உங்களுக்கு இதெல்லாம் வர்ற வயசே இல்லை’ என்பதும் உண்டு. மேற்கு நாடுகளைவிட இந்தியாவில் இந்த நோய் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாகவே வருகிறது. நடிகை கௌதமிக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது 35-வது வயதில். தன் கைக்குத் தட்டுப்பட்ட கட்டியால்தான் அது தெரியவந்தது என்று அவர் மேடைகளில் வெளிப்படையாகப் பேசிவருகிறார். ‘வயதில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டால், ‘ஸ்கேன் எழுதிக் கொடுங்கள் டாக்டர்’ என்று கேட்டு வாங்குவதில் தவறே இல்லை.

மூன்றாவதாக, கையில் ரிப்போர்ட் வந்த பிறகும் காலம் போகிறது. பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பம் கூடிப் பேசும். ‘ஊசி குத்தினா பரவிடும்’, ‘கத்தி பட்டா முத்திடும்’ என்று யாராவது ஒருவர் சொல்வார். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஊசிப் பரிசோதனையால் புற்றுநோய் பரவுவதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒருவர் இறந்திருந்தால், அவர் அறுவை சிகிச்சைக்கு வரும்போதே நோய் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் தாமதத்தின் விலையைக் கணக்கிட்டிருக்கிறார்கள். பல நாடுகளின் 87 ஆய்வுகளை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களோடு தொகுத்து 1999-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அறிகுறி தெரிந்து மூன்று மாதத்துக்கு மேல் தாமதித்தவர்கள் ஐந்தாண்டு பிழைத்திருக்கும் வாய்ப்பு, சீக்கிரம் வந்தவர்களைவிட 12 சதவீதம் குறைவு. இந்தியாவின் 11 பகுதிகளில் புற்றுநோய்ப் பதிவேடுகளைக் கொண்டு செய்த கணக்கு இன்னும் அப்பட்டமானது. நோய் மார்பகத்துக்குள்ளேயே இருக்கும்போது வந்தவர்களில் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருப்பவர்கள் 81 சதவீதம். அக்குள் நெறிவரை போனபின் வந்தவர்களில் சுமார் 65 சதவீதம். எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று பரவிய பிறகு வந்தவர்களில் 18 சதவீதம்தான்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கெடு வைத்திருக்கிறது. ஒரு பெண் முதன்முதலில் மருத்துவ வாசலை மிதித்த நாளிலிருந்து 60 நாளுக்குள், அவருக்கு இருப்பது என்ன என்று உறுதியாகத் தெரிந்துவிட வேண்டும். அரசுக்கும் மருத்துவமனைகளுக்கும் வைத்த கெடு அது. குடும்பங்களும் அதைச் சமையலறை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

மூன்று பரிசோதனை, ஒரு விடை

மருத்துவர் கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் திசு எடுப்பது ஆகிய மூன்றும் ஒரே விடையைச் சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்குக் கீழே மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் தெளிவாகத் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் முதலில். நாற்பதுக்கு மேல் மேமோகிராம். இரண்டு தகடுகளுக்கு நடுவே மார்பை வைத்துச் சில நொடிகள் அழுத்துவார்கள்; கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். திசு எடுப்பது மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் வேலை. அன்றே வீட்டுக்குப் போகலாம்.

அவசரப்பட்டுக் கட்டியை முழுசாக வெட்டியெடுத்துவிட்டு, பிறகு அது என்ன என்று சோதிக்கும் பழக்கம் சிறிய மருத்துவமனைகள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். முதலில் ஊசியால் சோதித்து, விடை தெரிந்த பிறகுதான் கத்தி.

[பெட்டிச் செய்தி] ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ்’ என்று ஓர் எண் இருக்குமே?

ஸ்கேன், மேமோகிராம் அறிக்கையின் கடைசி வரியில் வரும் எண் இது. 1 என்றால் இயல்பு. 2 என்றால் சாதுவான மாற்றம். 3 என்றால் புற்றுநோயாக இருக்க 2 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு. ஆறு மாதத்தில் மறுபடி படம் எடுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த 3-இல்தான். ‘பயமில்லை’ என்றதும் பீரோவுக்குள் போய்விடும் ரிப்போர்ட் திரும்ப வெளியே வருவதில்லை. 4 என்றால் பயாப்ஸி அவசியம். 5 என்றால் புற்றுநோயாக இருக்க 95 சதவீதமோ அதற்கு மேலோ வாய்ப்பு. 0 என்றால் எடுத்த படம் போதவில்லை, கூடுதல் படம் தேவை. 6 என்றால் ஏற்கெனவே பயாப்ஸியில் உறுதியானது.

சீக்கிரம் வந்தால் என்ன மிச்சமாகும்?

உயிர் முதலில். அதைத் தாண்டியும் நிறைய இருக்கிறது. ‘மார்பை எடுத்துடுவாங்களே’ என்ற பயத்திலேயே மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் பெண்கள், அந்த ஒளிவாலேயே மார்பை இழக்கிறார்கள். அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியின் உம்பெர்ட்டோ வெரோனெசியும் 1970-களில் தொடங்கிய ஆய்வுகள் 20 ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகு உறுதியாகச் சொன்னது இதைத்தான்: தொடக்க நிலையில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, கதிர்வீச்சு கொடுத்தால், முழு மார்பை எடுத்தவர்களுக்கு இணையான ஆயுள் கிடைக்கிறது. நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் அந்தக் கதிர்வீச்சு, பலருக்கு இப்போது மூன்று வாரத்தில் முடிந்துவிடுகிறது.

கையும் மிச்சமாகும். நோய் அக்குளுக்குப் போய்விட்டால் அங்குள்ள நெறிகளை மொத்தமாக அகற்ற நேரிடும். அதன்பின் கை வீங்கி, வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு தரலாம். தறி ஓட்டுபவருக்கும் களையெடுப்பவருக்கும் வலது கை வீங்குவது என்பது கூலி போவது. தொடக்கத்திலேயே வந்தால் முதல் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதித்துவிட்டு மற்றதை விட்டுவிட முடியும். கட்டியின் தன்மையைப் பொறுத்து, சிலருக்குக் கீமோவே தேவைப்படாமல் ஹார்மோன் மாத்திரையே போதும்.

[பெட்டிச் செய்தி] எங்கே போவது, என்ன செலவு?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசம். சந்தேகம் இருந்தால் மாவட்ட மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதித் தருவார்கள். அடையாறு மையமும், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும் இதற்கென்றே உள்ளவை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை உண்டு. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை இருக்கிறது. வழி தெரியாவிட்டால் 104-ஐ அழைக்கலாம்.

கண்ணாடி முன் ஐந்து நிமிடம்

மாதாமாதம் முறை தவறாமல் சுயபரிசோதனை செய்தால் உயிரிழப்பு குறையுமா? சீனாவின் ஷாங்காய் நகரில் ஜவுளி ஆலைப் பெண் தொழிலாளர்கள் சுமார் 2,66,000 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். 2002-இல் வந்த முடிவு ஏமாற்றம் தந்தது: இறப்பு குறையவில்லை, தேவையில்லாத பயாப்ஸிகள்தான் கூடின. இதனால் மருத்துவ உலகம் சடங்கு போன்ற சோதனையை வற்புறுத்துவதை விட்டுவிட்டது. தன் மார்பகம் வழக்கமாக எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றே இப்போது சொல்கிறார்கள். மாதவிலக்கு முடிந்த சில நாள்களில், குளிக்கும்போது சோப்புக் கையோடு விரல்களின் தட்டைப் பகுதியால் கழுத்தெலும்பிலிருந்து அக்குள்வரை தடவிப் பார்ப்பதும், கண்ணாடி முன் கைகளைத் தூக்கிப் பார்ப்பதும் போதும். வீட்டுக்கு வீடு மேமோகிராம் எட்டாத நாட்டில் இந்தப் பழக்கத்தைக் கைவிட முடியாது.

பயிற்சி பெற்றவர் கையால் பார்த்தால் பலன் இருக்கிறதா? இதற்கு விடை தந்தது மும்பை. டாட்டா நினைவு மருத்துவமனை, குடிசைப் பகுதிப் பெண்கள் ஒன்றரை லட்சம் பேரை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பரிசோதித்தவர்கள் மருத்துவர்கள்கூட இல்லை. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை பார்த்தார்கள். 2021-இல் வெளியான முடிவின்படி, நோய் முன்கூட்டியே பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அந்த அளவு பலன் தெரியவில்லை. தமிழ்நாட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் இப்போதே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கு வருகிறார். ஆனால், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 5.6 சதவீதம். நாட்டின் சராசரி 0.9 சதவீதம்தான் என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. நூற்றில் 94 பேர் இன்னும் பாக்கி.

அப்பா வழியையும் கேளுங்கள்

மார்பகப் புற்றுநோயாளிகளில் நூற்றில் ஒருவர் ஆண். விடலைப் பையன்களுக்குக் காம்படியில் வரும் வீக்கம் பெரும்பாலும் தானே வற்றிவிடும். வயதான ஆணுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் கெட்டியான கட்டி வந்தால், அவரும் பெண்களைப் போலவே உடனே காட்ட வேண்டும்.

நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்கு நோய் பரம்பரை மரபணுவால் வருகிறது. பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் தாயிடமிருந்து வரும் அதே வாய்ப்போடு தந்தையிடமிருந்தும் வரும். ‘குடும்பத்தில் யாருக்காவது?’ என்று மருத்துவர் கேட்டால் அம்மா, சித்தி, பெரியம்மா என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அப்பாவின் அக்காவுக்கு 42 வயதில் வந்த மார்பகப் புற்றுநோயும், அப்பா வழிப் பாட்டிக்கு வந்த சினைப்பைப் புற்றுநோயும் அதே அளவு முக்கியம். நெருங்கிய உறவில் மிக இளம் வயதில் ஒருவருக்கு வந்திருந்தால், அந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பிருந்தே பரிசோதனையைத் தொடங்கச் சொல்வது மருத்துவர்களின் வழக்கம். அத்தைக்கு எந்த வயதில் வந்தது என்று நினைவில்லையென்றால், இந்த வாரமே சித்தப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ போன் போட்டுக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்தத் தாளோடு மருத்துவரைப் பார்க்கலாம்.